புள்ளி முட்டையும் கோட்டு முட்டையும்

9 பிப்ரவரி 1932, செவ்வாய்

காலையில் ஐந்து முட்டை. நேற்று ஆறு. கறுப்பி இரண்டு நாளாக ஏமாற்றுகிறாள். எங்கேயோ லாலான் புல்லுக்குள் இட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து நொய் பொறுக்குகிறாள். கோதுமை மாவுச் சாக்கு இரண்டைப் பிரித்துத் துவைத்துக் காயப்போட்டேன். நீல எழுத்து போகவில்லை. தலையணை உறையாகத் தைத்தால் எழுத்து அடிப்பக்கம் போய்விடும். யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மத்தியானம் மாரியாயி வந்தாள். தண்டவாள வேலை செய்யும் அய்யாவுவின் பெண்டாட்டி. நம் ரயில்வே கேட் வீட்டுக்கு அடுத்த கூலி லயனில் இருக்கிறாள். ஊரிலிருந்து கப்பலேறி இந்தக் கிள்ளானுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. வரும்போது கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு அண்டா. முதல் கோழி நான் கொடுத்தது. பால் டின்னில் விளக்கு செய்யக் காட்டியது நான். சாக்கு நூலைப் பிரித்து உறி பின்னக் காட்டியதும் நான். இதையெல்லாம் எழுதி வைக்கிறேன். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இன்று அவள் பின்னிய உறியைப் பார்த்தேன். என்னுடையதைவிட நெருக்கம். நடுவில் ஒரு பழுப்பு வரி வேறு. சாயம் ஏது என்று கேட்டால், "மங்குஸ்தான் தோலு வேகவெச்ச தண்ணிக்கா" என்று சிரிக்கிறாள். பத்து வருஷமாக மங்குஸ்தான் தின்று தோலைக் குப்பையில் போட்டவள் நான்.

11 பிப்ரவரி, வியாழன்

அவள் வீட்டில் இன்றைக்குப் பன்னிரண்டு முட்டையாம். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

14 பிப்ரவரி, ஞாயிறு

குஞ்சுகள் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்து சாவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். மாரியாயி என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? பிராந்தி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மத்தி மீன் டின்னுக்குள் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறாள். குடிக்கக் குடிக்க அந்த அளவுக்கு மட்டும் இறங்குகிறது. ஒரு குஞ்சுகூட நனைவதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேட்டைத் திறந்து மூடுவதைத் தவிர இந்த உலகத்தில் எதையும் கவனிக்காத மனுஷன், பாட்டிலைப் பார்க்க லயன் வரை போயிருக்கிறார்! "என்னா மூளை பாத்தியா அந்தப் புள்ளைக்கு" என்றார். சோறு போட்டேன். இரண்டாவது தடவை சொன்னார். ரசம் இல்லை என்றேன். ரசம் இருந்தது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை வந்ததுண்டா? யோசித்துப் பார்க்கிறேன். ஒருமுறை புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். அது புளிக்குழம்பைப் பார்த்துச் சொன்னது.

15 பிப்ரவரி, திங்கள்

நானும் ஒரு பாட்டில் கட்டினேன். ஒரே மூச்சில் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. என்ன சூட்சுமமோ. அவளிடம் கேட்கமாட்டேன்.

19 பிப்ரவரி, வெள்ளி

கேட்டேன். டின்னின் விளிம்பைவிடப் பாட்டில் வாய் தாழ்ந்திருக்க வேண்டுமாம். இவ்வளவுதானா? அவளே வந்து கட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மா வந்து பார்த்து, "இது ஆர் செய்தது?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

22 பிப்ரவரி, திங்கள்

கறுப்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். மாரியாயி வீட்டில் முட்டை குவிந்து கிடக்கிறது, அடைக்கோழி ஒன்றுகூட இல்லை. பதினொரு முட்டையைத் துணியில் பொதிந்து எடுத்து வந்தாள்.

"ஒங்க கோழி, என் முட்டை, பவுனக்கா. பொரிக்கிறதுல ஆளுக்குப் பாதி."

கரியால் குறி போட்டே கொண்டுவந்திருந்தாள். புள்ளி வைத்த ஐந்து எனக்கு. கோடு கிழித்த ஐந்து அவளுக்கு. குறியில்லாத பதினோராவது முனியாண்டி சாமிக்கு. அதில் வருவது எதுவோ அது அவர் பங்கு. வைக்கோலுக்கு அடியில் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இடிக்குப் பயந்து இரும்பு. இந்த ஊரில்தான் தினம் மூன்று மணிக்கு இடிக்கிறதே, முட்டை கூமுட்டையாகிவிடும். வீட்டுக்காரர் ஒரு பழைய தண்டவாள ஆணி கொடுத்தார். எனக்கென்று இத்தனை நாள் ஒரு ஆணி எடுத்து வந்ததில்லை.

இதுவரை சரி. எழுந்து போகும்போது சொன்னாள், "இதுல அஞ்சு முட்டை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வெள்ளச் சேவலுக்குப் பொறந்ததுக்கா."

அது கப்பலில் வந்த சீமைச் சேவல். கழுத்தை நிமிர்த்தி அது நடந்தால் துரை நடப்பது போல இருக்கும். அதன் குஞ்சு ஒன்று என் வாசலில் மேயவேண்டும் என்று நாலு வருஷமாக ஆசைப்பட்டுக் கொண்டிருக்கிறேன். போன தீபாவளிக்கு வாய்விட்டுக் கேட்டே பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசல் பெருக்கப் போகும்போது கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருக்கிறாள். பெருக்கி முடிக்கிற நேரம் போதுமே!

"எந்த அஞ்சு?" என்றேன்.

"பொரிச்சப்புறம் பாருங்களேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

23 பிப்ரவரி, செவ்வாய்

எந்த ஐந்து என்று கேட்கவும் வேண்டுமா? கரி அவள் கையில். குறி போட்டவள் அவள். கோடுதான். கோடு அவளுக்கு. நானாக இருந்தால் அப்படித்தானே செய்திருப்பேன்.

நம் கோழி இருபத்தொரு நாள் பட்டினி கிடந்து சூடு கொடுக்கும். வெள்ளைக் குஞ்சு அவள் வாசலில் ஓடும். அவர் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்பார். என்ன மூளை, என்ன மூளை என்பார்.

24 பிப்ரவரி, புதன்

கறுப்பி தீனிக்கு எழுந்த நேரம். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். புள்ளி இருந்ததில் கோடு. கோடு இருந்ததில் புள்ளி. அடுப்புக் கரிதான். அவளும் அதே கரிதான்.

முனியாண்டி முட்டையைத் தொடவில்லை.

25 பிப்ரவரி, வியாழன்

தூக்கமில்லை. திருட்டா இது? அவள் மட்டும் செய்யலாமா? இல்லை, அவள் செய்தாள் என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும்.

3 மார்ச், வியாழன்

தினம் வருகிறாள். கூடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து கறுப்பியிடம் பேசுகிறாள். "ஒடம்பெல்லாம் சூடா, தாயி?" என்கிறாள். கறுப்பி என்னைக் கொத்துகிறது, அவளைக் கொத்துவதில்லை. என் கோழி!

வரும்போது எனக்கு ஒரு விசிறி கொண்டுவந்தாள். சேவல் இறகை அடுக்கி, சிகரெட் டின் தகரத்தை வளைத்துப் பிடி. அழகாக இருக்கிறது. அதனால்தான் இன்னும் எரிச்சல். அடுப்பு ஊதுவதற்கு வைத்திருக்கிறேன்.

14 மார்ச், திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

விடிகாலையிலேயே கூடைக்குள் கீச்சுச் சத்தம். மாரியாயி ஓடி வந்துவிட்டாள். இருவரும் கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். குஞ்சு வெளியே வர வர, ஓட்டில் இருக்கும் குறியைப் பார்த்து உச்சந்தலையில் சாயம் தொட்டு வைப்பது என்று பேச்சு. என்னுடையதற்குத் துணிக்குப் போடும் நீலம், அவளுடையதற்குக் குங்குமம். அவரும் கேட்டை மூடிவிட்டு வந்து வாசல்படியில் நின்றார்.

முதலில் வந்தது புள்ளி. கறுப்பு, நாட்டுக்குஞ்சு. நீலம் வைத்தேன். அடுத்தது கோடு. ஈரம் காயக் காயப் பார்க்கிறேன், வெளுத்த மஞ்சள், கால்கூட மஞ்சள். வெள்ளைச் சேவலின் பிள்ளை. அதற்கடுத்த புள்ளி பழுப்பு. அடுத்த கோடு மறுபடியும் மஞ்சள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது பொரித்தன. இரண்டு கூமுட்டை, ஆளுக்கு ஒன்று. நாலு மஞ்சள் குஞ்சும் கோட்டில்தான் வந்தன. நாலும் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கின்றன. என் நாலும் கறுப்பும் பழுப்பும். முனியாண்டிக்கும் ஒரு கறுப்பு.

மாரியாயியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மஞ்சளையும் ஒருமுறை எண்ணினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தீ! நாந்தான் குறி மாத்திப் போட்டுட்டேன் போலக்கா. வெள்ளச் சேவலோடது அஞ்சையும் ஒங்களுக்குன்னுல்ல எடுத்துவெச்சேன்! நாலு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தீங்களே. பொரிச்சதும் ஒங்க மொகத்தைப் பாக்கணும்னுதான் சொல்லாம வெச்சேன்."

எனக்கென்று. புள்ளி வைத்து. எனக்கென்று எடுத்து வைத்ததை நானே எச்சில் தொட்டுத் துடைத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"மாத்திக்குவம்க்கா, சாயம் போட்டா என்னா, கழுவினாப் போச்சு" என்று குஞ்சுகளை அள்ளப் போனாள். நான் கையைத் தட்டிவிட்டேன். "குறின்னா குறிதான். ஒன்னோடது ஒனக்கு" என்றேன். ரோஷக்காரி போல!

அவர் வாசல்படியில் நின்றபடியே, "பாத்தியா அவ மனசை" என்றார்.

15 மார்ச், செவ்வாய்

ஒன்றும் எழுத இல்லை.

2 ஏப்ரல், சனி

பருந்து வந்தது. எட்டுக் குஞ்சு வாசலில் இருக்க, முனியாண்டியின் கறுப்பை மட்டும் தூக்கிப் போயிற்று. அவர் பங்கு அவருக்குப் போய்விட்டது என்று மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பயந்துபோய் உள்ளே போய்விட்டேன். நடந்ததைப் பார்த்தவர் முனியாண்டி ஒருவர்தானே.

சொல்லிவிட்டால் என்ன? "மாரியாயி, மாத்தினது நான்." நாலு வார்த்தைகூட இல்லை. கிணற்றடியில் இரண்டு தரம் வாயைத் திறந்தேன். ஒருமுறை துணி சோப்பு கேட்டேன். இன்னொருமுறை மழை வருமா என்றேன்.

அவள் சிரிப்பாளா, அழுவாளா, லயன் முழுக்கச் சொல்வாளா? சொன்னால்கூடப் பரவாயில்லை. அவரிடம் போய்ச் சேருமே.

20 ஏப்ரல், புதன்

மஞ்சள் குஞ்சுகளுக்கு வெள்ளை இறகு முளைத்துவிட்டது. என்ன அழகு. என் வேலிக்கு வந்து என் நொய்யைத்தான் தின்கின்றன. விரட்டுவதில்லை. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் கூடவே போடுகிறேன். இதை ஏன் எழுதுகிறேன்?

6 மே, வெள்ளி

தண்டவாளக் கூட்டத்தில் பாதி ஆட்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்ததில் எல்லாமே விழுகிறது. தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் போய்விட்டார்கள், இப்போது இங்கேயும். அய்யாவு பெயரும் போயிற்று. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் சும்மா கொடுக்கிறார்களாம்.

கேட்காரர்களைத் தொடவில்லை. நாம் இருக்கிறோம். அவள் போகிறாள்.

அவள் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒரு நிமிஷம்தான் தோன்றியது. ஆனால் தோன்றியது.

21 மே, சனி

மாரியாயி தன் கோழிகளையெல்லாம் கொண்டுவந்து விட்டாள். மூன்று பஞ்சாரம் நிறைய. பாசாரில் விற்கச் சொன்னேன். "வித்தா அறுத்துருவாங்கக்கா. ஒங்ககிட்டன்னா இருக்கும்" என்றாள். வெள்ளை நாலும் கடைசிப் பஞ்சாரத்தில். மூன்று பெட்டை, ஒரு சேவல். சேவல் இப்போதே கழுத்தை நிமிர்த்துகிறான்.

நான் ஆசைப்பட்டது எல்லாம் என் வாசலில் வந்து நிற்கிறது. அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன், இந்தத் தடவை சோப்பு வரவில்லை, மழை வரவில்லை.

"மாரியாயி, அந்தக் குறியை மாத்தினது நாந்தான்."

பஞ்சாரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும்க்கா" என்றாள்.

தெரியுமாம்!

"நான் முட்டையோட கூருப்பக்கம் குறி போட்டேன். நீங்க மொண்டிப்பக்கம் போட்டிருந்தீங்க. மக்யா நாளே பாத்துட்டேன்."

அவள் தினம் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்துகொண்டே விசிறி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே தலையில் கை வைத்து, நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று அவர் முன்னால் சிரித்திருக்கிறாள். நான் இரண்டு மாதம் வெந்துகொண்டு கிடந்தேனே!

"அப்ப ஏண்டி சொல்லல?" என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான், கத்துகிறேன்.

"சொன்னா நீங்க என்கூட பேசமாட்டீங்க" என்றாள். "இந்த லயன்ல எனக்குப் பேச வேற யாரு இருக்கா? முட்டையா பெருசு?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகையா கோபமா தெரியவில்லை. கோழியில் அவள் ஒசத்தி. கைவேலையில் அவள் ஒசத்தி. சரி, அதெல்லாம் ஒத்துக்கொண்டாயிற்று. பொறுத்துக்கொள்வதிலுமா? என்னால் திருட்டுத்தனத்தில்கூட அவளை முந்த முடியவில்லையே. கடவுளே, ஒரே ஒரு காரியத்திலாவது எனக்குக் கீழே அவளை வைத்திருக்கக்கூடாதா?

22 மே, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, எச்சில், கரி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மாவிடம் சொன்ன பாட்டில் பொய் வரைக்கும். விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டே கேட்டார். பாத்தியா அவ மனசை என்று மறுபடியும் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நீயா வாயைத் தொறந்து சொன்னியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நானா இருந்தா சொல்லியிருக்கமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். கேட்டுக்குப் போய்விட்டார்.

பதினாலு வருஷத்தில் வந்த வார்த்தை. அது வந்த நேரத்தைப் பார். சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

26 மே, வியாழன்

சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போகும் காலை ரயில் நம் கேட்டைத் தாண்டித்தான் போகிறது. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டேன். அவர் பச்சைக் கொடியை என் கையில் கொடுத்துவிட்டு, கேட் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். சட்டப்படி தப்பு.

மூன்றாவது பெட்டி. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு. "கறுப்பிக்கு வேப்பெண்ணெ தடவுங்கக்கா! செல்லு புடிச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே போனாள்.

போகிற போக்கிலும் எனக்குக் கோழி வளர்க்கச் சொல்லித்தருகிறாள். கடைசிப் பெட்டி போன பிறகும் கொடியை இறக்காமல் நின்றேன்.

கறுப்பியைப் பிடித்துப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில் பொடிப்பொடியாகச் செல்லுப் பூச்சி இருந்தது.

3 ஜூன் 1934, ஞாயிறு

இந்த நோட்டைத் தொட்டு இரண்டு வருஷம். எழுதும்படியாக யார் மேலும் எரிச்சல் வரவில்லை. இந்தப் பக்கத்தில் முட்டைக்கும் குஞ்சுக்கும் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்குப் போட்டி யாருமில்லை. சப்பென்று இருக்கிறது.

ஊரிலிருந்து மறுபடியும் ஆள் எடுக்கிறார்களாம். பழைய ஆட்களுக்குத் தண்டவாளத்தில் இடம் உண்டு என்று அவர் விசாரித்துவிட்டு வந்தார். நான் சொல்லாமலே விசாரித்திருக்கிறார்.

உடனே உட்கார்ந்து மாரியாயிக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துக் காட்டுவார், அதனால் பெரிய எழுத்தில். வெள்ளைக் கோழி வம்சம் இப்போது முப்பத்தைந்து என்று எழுதினேன். உண்மையில் பத்தொன்பது. ஸ்டேஷன் மாஸ்டரே என்னிடம் வந்து சேவல் கேட்டார் என்று எழுதினேன். கேட்கவில்லை. உன் பாட்டிலைவிட நல்லதாக நானே ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், இப்போது எல்லா வீட்டிலும் அதுதான், உன்னுடையதை யாரும் வைத்துக்கொள்வதில்லை என்றும் எழுதினேன்.

ஒட்டும்போது அவர் எட்டிப் பார்த்து, "எதுக்குடி இத்தனை பொய்?" என்றார்.

படிக்கக் கேட்டதும் அவளுக்கு வயிறு எரியட்டும். பொறுக்க முடியாமல் அடுத்த கப்பலிலேயே ஏறி வரட்டும்.